திறந்த கல்லூரி, பூட்டிய கோடை!

பொதுமக்கள் பணத்தில் கட்டிய கல்லூரி அது. வகுப்பறை மக்களுடையது, ஆய்வுக்கூடம் மக்களுடையது, நீச்சல் குளமும் மக்களுடையதே. எவர் வந்தாலும் “வா” என்று அழைப்பதற்கென்றே எழுந்த கல்லூரி. ஆனால் ஜூன் மாதம் பிறந்து, பள்ளிக்கூடம் பூட்டப்பட்டு, பிள்ளைகள் தெருவுக்கு வந்து நிற்கும் வேளையில், அதே கல்லூரியின் வாயிலில் ஒரு கேள்வி எழுகிறது: “கட்டணம் கட்டியாகிவிட்டதா?”

கட்டியவன் பிள்ளை உள்ளே போகிறது. கட்ட முடியாதவன் பிள்ளை வெளியே நிற்கிறது.

இது நடப்பது அமெரிக்காவில், கலிஃபோர்னியா மாநிலத்தில். கலிஃபோர்னியா என்றதும் சினிமாவும் கம்ப்யூட்டரும் நினைவுக்கு வரும். நாம் பேச வந்தது அந்தக் கலிஃபோர்னியாவைப் பற்றி அல்ல. ஃபிரெஸ்னோ வட்டாரத் தோட்டங்களில் திராட்சை பறிப்பவன், ஓட்டலில் தட்டுக் கழுவுபவன், கிடங்கில் பெட்டி சுமப்பவன், பிறர் வீட்டு நோயாளிகளைக் குளிப்பாட்டிச் சோறூட்டி மணிக்கூலி பெறும் தாய் - இவர்களுடைய கலிஃபோர்னியாவைப் பற்றியே பேசுகிறோம். இவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கும் கோடை வருகிறது.

கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்று தோழர்கள் கேட்கலாம். “வரியைக் குறைத்தால் ஏழைக்கு நன்மை” என்று சொல்லி நடத்திய ஒரு காரியம், நாளடைவில் ஏழையின் பிள்ளை தலையிலேயே கட்டணமாக வந்து விழுந்த கதை இது. உழைப்பவன் எந்த நாட்டில் இருந்தாலும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. அதனால் எழுதுகிறோம்.

யார் கட்டிய கல்லூரி?

அமெரிக்காவில் ‘சமுதாயக் கல்லூரி’ என்று ஒன்று உண்டு. பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போகப் பணமோ வசதியோ இல்லாதவர்கள், வீட்டிலிருந்தபடியே இரண்டாண்டு படிக்க ஊர்தோறும் ஏற்பட்ட கல்லூரி. 1901-இல் இல்லினாய் மாநிலத்து ஜோலியட் நகரில், ஓர் உயர்நிலைப் பள்ளியில், 6 மாணவர்களோடு தொடங்கியது இந்த முயற்சி. எஃகு ஆலைகளும் கல் குவாரிகளும் நிறைந்த தொழிலாளர் ஊர் அது. கலிஃபோர்னியாவில் 1907-இல் இதற்குச் சட்டம் வந்தது. 1910-இல் ஃபிரெஸ்னோவில் முதல் கல்லூரி பிறந்தது. இன்று அந்த மாநிலத்தில் மட்டும் 116 சமுதாயக் கல்லூரிகள். பகலில் வேலை செய்துவிட்டு இரவில் படிப்பவன், பிள்ளை பெற்ற பிறகு படிக்க வருபவள், ஆலை மூடியதால் வேறு தொழில் கற்க வருபவன், இங்கிலீஷ் எழுத்துக்கூட்டப் பழகும் குடியேறி - எல்லோருக்கும் இடம் கொடுக்கும் கல்லூரி.

நெடுங்காலம் கலிஃபோர்னிய மக்களிடம் இந்தக் கல்லூரிகள் படிப்புக் கட்டணமே வாங்கவில்லை. 1984-இல்தான் முதன்முதலாகக் கட்டணம் நுழைந்தது. இப்போதும் ஒரு பாட அலகுக்கு 46 டாலர். மூன்று அலகு கொண்ட ஒரு பாடத்தை ஒரு பருவம் முழுவதும், நான்கு மாத காலம், படித்து முடிக்க 138 டாலர். அதையும் கட்ட இயலாத ஏழை மாணவருக்கு விலக்கு உண்டு. மாணவர்களில் பெரும் பகுதியினர் அந்த விலக்கைப் பெற்றே படிக்கிறார்கள். நல்லதை நல்லது என்று சொல்ல நாம் தயங்குவதில்லை. இது நல்ல ஏற்பாடு.

பிள்ளைக்கு வேறு கணக்கு

இதே கல்லூரிகள் கோடை விடுமுறையில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் வகுப்பு நடத்துகின்றன. ‘காலேஜ் ஃபார் கிட்ஸ்’ என்று பல ஊர்களில் இதற்குப் பெயர். மார்க்குக்காக அல்ல, பரீட்சைக்காகவும் அல்ல. இயந்திர மனிதனைப் பூட்டி ஓட்டுவது, கம்ப்யூட்டருக்குக் கட்டளை எழுதுவது, ஓவியம், நாடகம், சதுரங்கம், நீச்சல், கதை எழுதுவது, தவளையின் உடலை அறுத்துப் பார்ப்பது - பள்ளிப் பாடத்துக்கு அப்பால் பிள்ளையின் அறிவையும் கையையும் வளர்க்கும் வகுப்புகள். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி கல்லூரி ஆய்வுக்கூடத்தில் வெள்ளை அங்கி மாட்டி நின்றால், “இது நாம் வரவேண்டிய இடம்” என்ற எண்ணம் அவள் நெஞ்சில் பதிகிறது. அந்த எண்ணம் எத்தனை பாடப் புத்தகங்களுக்குச் சமம்!

படிக்காத வீட்டுப் பிள்ளைக்குத்தானே அந்த எண்ணம் முதலில் வேண்டும்? கல்லூரி வாசலையே மிதிக்காத தகப்பனுடைய மகனுக்குத்தானே அந்த வாசல் பழக்கமாக வேண்டும்? அவனுக்குத்தான் அது எட்டாமல் இருக்கிறது.

கட்டணம் ஊருக்கு ஊர் மாறும். கணக்குக்காக, அரைநாள் வகுப்புக்கு வாரம் 200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பிள்ளைகளை நான்கு வாரம் அனுப்பினால் 1,600 டாலர். 2025-இல் கலிஃபோர்னியாவின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 16 டாலர் 50 சென்ட். அந்தக் கூலி வாங்குபவர் 97 மணி நேரம் உழைத்தால்தான் அந்தத் தொகை கிடைக்கும். இரண்டு வாரத்துக் கூலிக்கும் மேல்! வாடகை கொடுப்பதா, அரிசி பருப்பு வாங்குவதா, பிள்ளையை இயந்திர மனிதன் செய்ய அனுப்புவதா?

வளர்ந்த மனிதன் ஒரு பருவம் முழுதும் படிக்க 138 டாலர். ஏழையாயின் அதுவும் இல்லை. அவனுடைய மகன் ஒரே ஒரு வாரம் அரைநாள் உட்கார அதைவிடக் கூடுதல். ஏழையாயினும் விலக்கு இல்லை! அதே கட்டடம், அதே நாற்காலி, அதே கரும்பலகை. தகப்பனுக்கு ஒரு நீதி, மகனுக்கு வேறொரு நீதியா?

பணத்தோடு தொல்லை தீர்ந்ததா? இல்லை. வகுப்பு காலை ஒன்பதுக்குத் தொடங்கி நண்பகலில் முடிந்துவிடுகிறது. கிடங்கில் ஷிப்டு வேலை பார்க்கும் தாய் பன்னிரண்டு மணிக்கு வந்து பிள்ளையை அழைத்துப் போக முதலாளி விடுவாரா? பள்ளிப் பேருந்தும் கோடையில் ஓடாது. கார் ஓட்டி வரத் தாயோ, சம்பளத்துக்கு வைத்த ஆளோ வீட்டில் இருக்கும் குடும்பத்தை மனத்தில் வைத்துப் போட்ட நேர அட்டவணை அது.

கற்றுக்கொடுப்பவர் நிலையும் அப்படியே. அவர்களில் பலரும் மணிக்கணக்கில் கூலி பெறுபவர்கள். போதிய பிள்ளைகள் சேர்ந்தால் வகுப்பு உண்டு. சேராவிட்டால் வகுப்பு ரத்து, கூலியும் ரத்து.

1978-இல் நடந்தது

கல்லூரி நடத்துவோரை நாம் குறை கூறவில்லை. அவர்கள் கை கட்டப்பட்டிருக்கிறது. கட்டியது கலிஃபோர்னியாவின் கல்விச் சட்டம். இத்தகைய ‘சமுதாய சேவை’ வகுப்புகளைக் கல்லூரிகள் நடத்தலாம், சிறுவரையும் சேர்க்கலாம், ஆனால் கல்லூரியின் பொது நிதியிலிருந்து அதற்குச் செலவு செய்யக்கூடாது, செலவை ஈடுகட்டும் அளவுக்குக் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம் - என்கிறது அந்தச் சட்டம். அதாவது, பிள்ளைகள் வகுப்பு தன் சோற்றைத் தானே தேடிக்கொள்ள வேண்டும்!

எப்போதும் இப்படியா இருந்தது? இல்லை. இந்தச் சேவைகளுக்கென்றே - சொற்பொழிவு, இசை, விளையாட்டு, குறுகிய கால வகுப்பு ஆகியவற்றுக்கென்றே - உள்ளூர்ச் சொத்துகள்மீது ஒரு சிறு வரி போட்டுக்கொள்ளக் கல்லூரி மாவட்டங்களுக்கு உரிமை இருந்தது. ஊர்ப் பணம், ஊர்ப் பிள்ளை. கணக்கு எளிது.

1978 ஜூன் 6-ஆம் நாள் அந்த மாநில மக்கள் ‘13-ஆம் தீர்மானம்’ என்ற ஒன்றுக்கு வாக்களித்தனர். ஹோவர்ட் ஜார்விஸ், பால் கேன் என்ற இருவர் முன்னின்று கொண்டுவந்த தீர்மானம் அது. வீட்டு விலை ஏறிக்கொண்டே போக, வரியும் ஏறிக்கொண்டே போக, ஓய்வு பெற்ற கிழவனும் கிழவியும் சொந்த வீட்டுக்கு வரி கட்ட முடியாமல் தவித்த காலம். அந்தத் தவிப்பு பொய்யல்ல. அதைத் தீர்க்க வேண்டியது அரசின் கடமை. கடமை தவறியது; ஜார்விஸ் அந்த இடத்தில் புகுந்தார். சொத்து வரி, மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது; மதிப்பை 1975-ஆம் ஆண்டளவில் நிறுத்த வேண்டும்; ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் உயர்த்தக்கூடாது; சொத்து கைமாறினால்தான் புது மதிப்பு - இதுவே தீர்மானம். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு வென்றது.

கிழவியின் வீட்டைக் காட்டி வாக்கு வாங்கினார்கள். ஆனால் சலுகை கிழவியின் வீட்டோடு நின்றதா? பெரிய கம்பெனிகளின் நிலத்துக்கும், ஆலைக்கும், மாளிகைக்கும் அதே சலுகை! மனிதன் ஒரு நாள் வீட்டை விற்பான். அப்போது மதிப்பு புதிதாகப் போடப்படும். கம்பெனியோ தலைமுறை தலைமுறையாக விற்காமல் வைத்திருக்கும். பழைய மதிப்பிலேயே வரி கட்டும். ஏழையின் கண்ணீரைக் காட்டிக் கோடீசுவரன் தாகம் தீர்த்துக்கொண்டான்!

வாடகைக் குடித்தனக்காரனுக்கும் ஆசை காட்டினார்கள். “வீட்டுக்காரனுக்கு வரி குறைந்தால் உனக்கு வாடகை குறையும்” என்றார்கள். குறைந்ததா? லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமன்றம் அதே 1978-இல் வாடகை உயர்வை நிறுத்தி வைக்க நேர்ந்தது. சாண்டா மோனிகா நகரத்து மக்கள் 1979-இல் தாமே வாக்களித்து வாடகைக் கட்டுப்பாட்டைக் கொண்டு வந்தார்கள். குறைந்திருந்தால் இதற்கெல்லாம் என்ன தேவை?

சொத்து வரி வருவாய் ஒரே அடியில் பாதிக்கு மேல் சரிந்தது. வெட்டு எங்கே விழுந்தது? பள்ளிகளில் நடந்துவந்த கோடை வகுப்புகள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டன. நூலகங்களின் நேரம் குறைந்தது. சமுதாயக் கல்லூரிகள் சேவைகளுக்கென்று வாங்கிவந்த சிறு வரி மறைந்தது. அந்த இடத்தில் கட்டணம் வந்து உட்கார்ந்தது. ஆறே ஆண்டில், 1984-இல், கல்லூரிப் படிப்புக்கே கட்டணம் வந்தது.

வரி போனதைக் கொண்டாடினார்கள். போன வரி கட்டணமாக வேடம் மாற்றிக்கொண்டு பின்வாசல் வழியே திரும்பி வந்ததைப் பலர் கவனிக்கவில்லை. வரிக்கும் கட்டணத்துக்கும் வேறுபாடு என்ன? வரி, இருப்பவனிடம் மிகுதியாகவும் இல்லாதவனிடம் குறைவாகவும் வாங்க முடியும். கட்டணம் இருவரிடமும் ஒரே தொகை கேட்கும். இல்லாதவனை வாயிலிலேயே நிறுத்தும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் போதும். அரசியலில் பாதி புரிந்துவிடும்.

கோடை யாருடையது?

“கோடையில் பிள்ளை விளையாடினால் என்ன? இதற்குப்போய் இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்று கேட்பவர் உண்டு.

விளையாடட்டும். ஆனால் பணக்காரன் தன் பிள்ளையைத் தெருவில் விடுகிறானா என்று பாருங்கள்! கிரெக் டங்கன், ரிச்சர்டு மர்னேன் என்ற இரு பொருளியல் அறிஞர்கள் 2011-இல் தொகுத்துத் தந்த கணக்கு இருக்கிறது. பள்ளிக்கு அப்பால் பிள்ளையின் வளர்ச்சிக்காக - வகுப்பு, முகாம், புத்தகம், பயணம் ஆகியவற்றுக்காக - அமெரிக்கக் குடும்பங்கள் செலவிடும் தொகை. விலைவாசி மாற்றத்தைக் கழித்துப் போட்ட கணக்கு. 1972-73-இல் மேல்தட்டில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்குக் குடும்பங்கள் ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 3,536 டாலர் செலவிட்டன. அடித்தட்டில் இருக்கும் ஐந்தில் ஒரு பங்கு 835 டாலர். 2005-06-இல் மேல்தட்டு 8,872, அடித்தட்டு 1,315. ஏழையும் வயிற்றைக் கட்டிக் கூடுதலாகத்தான் செலவிட்டிருக்கிறான். ஆனால் 2,701 டாலராக இருந்த இடைவெளி 7,557 டாலராக விரிந்துவிட்டது!

பால்டிமோர் நகரில் 1982-இல் முதல் வகுப்பில் சேர்ந்த ஏறத்தாழ 800 பிள்ளைகளைக் கார்ல் அலெக்சாண்டரும் டோரிஸ் என்ட்விசிலும் பல்லாண்டு பின்தொடர்ந்தனர். பள்ளி நடக்கும் மாதங்களில் ஏழைப் பிள்ளையும் வசதியான பிள்ளையும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னேறினர். கோடைதான் இருவரையும் பிரித்தது என்று 2007-இல் எழுதினர். அந்தக் காலத்துத் தேர்வு முறையைப் பற்றிப் பால் வான் ஹிப்பல் என்ற ஆய்வாளர் 2019-இல் ஐயம் எழுப்பினார். புதிய தேர்வுகளில் கோடை இடைவெளி அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை என்றார். அறிஞர்கள் வாதிடட்டும். நம் வழக்கு மார்க்கை நம்பி நிற்கவில்லை. நீந்தத் தெரிந்த பிள்ளைக்கும் தெரியாத பிள்ளைக்கும், நுண்ணோக்கியில் கண் வைத்த பிள்ளைக்கும் வைக்காத பிள்ளைக்கும் உள்ள வேறுபாட்டை அறிய ஆய்வு தேவையில்லை.

“பிறர் பிள்ளைக்கு நானா?”

“உன் பிள்ளை ஓவியம் பழக, என் வரிப் பணமா?” - இது அடுத்த கேள்வி.

நாமும் கேட்கிறோம்: அந்தக் கட்டடம் யார் வரிப் பணம்? 2000-ஆம் ஆண்டில் ‘39-ஆம் தீர்மானம்’ வந்த பிறகு, வாக்காளரில் 55 சதவீதம் பேர் ஒப்பினால் பள்ளி, கல்லூரிக் கட்டடங்களுக்குக் கடன் பத்திரம் வெளியிடலாம். கடனைச் சொத்து வரியிலிருந்து அடைக்கலாம். புதிய ஆய்வுக்கூடங்கள் பல அப்படி எழுந்தவை. குடியிருப்பவன் வாடகையோடு சேர்த்து அந்த வரியையும் கொடுக்கிறான். தட்டுக் கழுவுபவன் பணத்தில் கட்டிய ஆய்வுக்கூடத்தில் கோடைக்காலத்தில் யார் பிள்ளை உட்காருகிறது? பிறர் பிள்ளைக்குச் செலவிடுபவன் யார்? விடை சொல்லட்டும்!

“ஏழைப் பிள்ளைகளுக்குச் சில கல்லூரிகளில் உதவித்தொகை இருக்கிறதே” என்பர். இருக்கிறது, கொடுத்தவர்களை வாழ்த்துகிறோம். ஆனால் நன்கொடை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. விண்ணப்பம் எழுதி, வறுமையை மெய்ப்பித்து, கைகட்டிக் காத்து நிற்க வேண்டும். கருணை வேறு, உரிமை வேறு.

செய்து காட்டிய வழி

முடியாத ஒன்றை நாம் கேட்கவில்லை. அந்த நாடே செய்து காட்டியதைத்தான் சொல்கிறோம்.

1968-இல் ‘தேசிய இளைஞர் விளையாட்டுத் திட்டம்’ தொடங்கியது. ஏழை வீட்டுச் சிறுவர் சிறுமியர், 10 வயது முதல் 16 வரை, கோடையில் கல்லூரி வளாகங்களுக்கு வந்தனர். விளையாட்டுப் பயிற்சி, பாடம், மருத்துவப் பரிசோதனை, வயிறார உணவு - எல்லாம் இலவசம். ஏறத்தாழ 200 கல்லூரிகளில் நடந்தது. கால் நூற்றாண்டுக்கு மேல் நடந்த இந்தத் திட்டத்துக்கு 2006-இல் அமெரிக்க அரசு பணத்தை நிறுத்தியது. பிள்ளைகள் வரவில்லை என்பதால் அல்ல. பணம் இல்லை என்று சொன்னதால்.

பாஸ்டன், டல்லஸ், ஜாக்சன்வில், பிட்ஸ்பர்க், ராச்செஸ்டர் ஆகிய ஐந்து ஊர்களில் 2013, 2014 கோடைகளில் இலவச வகுப்பு நடத்தி ராண்ட் ஆய்வு நிலையத்தார் ஆராய்ந்தனர். காலையில் பாடம், மாலையில் கலை, விளையாட்டு, பேருந்து இலவசம், உணவு இலவசம். ஆயிரக்கணக்கில் ஏழைப் பிள்ளைகள் வந்தனர். இருபது நாளுக்குக் குறையாமல் வந்த பிள்ளைகள் கணக்கிலும் வாசிப்பிலும் முன்னேறினர். “ஏழைக்குக் கல்வியில் அக்கறை இல்லை” என்று சொன்ன வாய்களுக்கு இது விடை. பேருந்து வந்தது, பிள்ளை வந்தது. அவ்வளவுதான்!

கலிஃபோர்னியாவும் கண் திறந்திருக்கிறது. 2021-இல் ஒரு திட்டம் கொண்டுவந்து, ஆறாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்த பின்னும், விடுமுறையில் 30 நாளும், ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் பாடமும் கலையும் விளையாட்டும் கிடைக்கப் பள்ளி மாவட்டங்களுக்குப் பணம் ஒதுக்கியது. ஆண்டுக்கு 400 கோடி டாலர் அளவுக்கு அது வளர்ந்தது. வரவேற்கிறோம். ஒன்பது மணி நேரம் என்பது உழைக்கும் தாயின் ஷிப்டை அறிந்து போட்ட நேரம். ஆனால் ஏழாம் வகுப்பு ஏறிய பிள்ளைக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. கல்லூரியின் ஆய்வுக்கூடமும் குளமும் இன்னும் கட்டணக் கணக்கிலேயே இருக்கின்றன.

செய்ய வேண்டியது இரண்டு. பள்ளி மாவட்டங்கள் அந்தப் பணத்தோடு சமுதாயக் கல்லூரிகளிடம் போக வேண்டும். பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி அதே ஆய்வுக்கூடத்தில் இறக்க வேண்டும். மற்றொன்று, பொது நிதியைத் தொடாதே என்ற விதியைப் பிள்ளைகள் மட்டிலாவது தளர்த்த வேண்டும்.

பணம் எங்கே என்பார்கள். 2020 நவம்பரில் ‘15-ஆம் தீர்மானம்’ வந்தது. வீடுகளைத் தொடாமல், பெரிய வணிகச் சொத்துகளுக்கு மட்டும் இன்றைய மதிப்பில் வரி போடு. கிடைப்பதில் 40 சதவீதத்தைப் பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும் கொடு என்றது. 48 சதவீதம் பேர் ஆதரித்தனர். 52 சதவீதம் பேர் எதிர்த்தனர். தோற்றது! ஆயினும் நூற்றுக்கு நாற்பத்தெட்டு என்பது சிறு தொகையன்று. 1978-இல் கேட்கத் துணியாத கேள்வியை நாற்பத்திரண்டு ஆண்டு கழித்துப் பாதி மாநிலம் கேட்டுவிட்டது. மறுபாதி கேட்கும் நாளும் வரும்.

இந்தியாவில் முதல் சமுதாயக் கல்லூரியைப் புதுவைப் பல்கலைக்கழகம் 1995-இல் தொடங்கியது. அமெரிக்க விதை நம் பக்கத்து மண்ணிலும் விழுந்திருக்கிறது. விதையை எடுத்துக்கொள்வோர், அந்தச் செடியில் பிற்பாடு விழுந்த பூச்சியையும் அறிந்திருக்க வேண்டும்.

“வரி குறைகிறது” என்று எவரேனும் மேளம் கொட்டி வந்தால், தோழர்களே, உடனே கைதட்டிவிடாதீர்கள். யாருக்கு எவ்வளவு குறைகிறது என்று கேளுங்கள். அந்த வரியில் நடந்துவந்த காரியம் எது, நாளை அது யாரிடம் காசு கேட்கும் என்று கேளுங்கள். 1978-இல் கலிஃபோர்னியாவின் உழைப்பாளி இதைக் கேட்காமல் விட்டான். இன்று அவன் பேரன், தாத்தா பணத்தில் கட்டிய கல்லூரியின் வேலிக்கு வெளியே நின்று, உள்ளே குளத்தில் நீந்தும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.